ஒரு அலை குறைகிறது

1

இந்தக் கதை எனக்கு ஒரு மன்னிப்பிலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உலகத்துக் கொடிகளை யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் ஒரு பொதுத் தொகுப்பு. வேறெதையோ தேடிப் போனவன் ஏதோ ஒரு சிற்றூரின் கொடியில் போய் நின்றேன். யார் எப்போது என்ன திருத்தினார்கள் என்ற பட்டியலில் ஒரு வரி: "மன்னிக்கவும். ஒரு அலையை விட்டுவிட்டேன். ஏழு வருடமாக."

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காற்றில் படபடத்த அந்தக் கொடி எதையோ சொல்லத் துடிப்பதுபோல்...'

வேண்டாம். கொடி எதையும் சொல்லத் துடிக்காது.

அடுத்து, அந்த மன்னிப்பை எழுதியவளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியாக்கினேன். ஊருக்கே பார்வையைச் சரிசெய்கிறவள் கண்ணுக்கு ஒரு அலை தப்பிவிட்டதாம்! எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. அடித்துவிட்டேன்.

அவள் பல்செட் செய்கிறவள். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் மெழுகு, பிளாஸ்டர், சின்னச் சின்ன அரங்களோடு உட்கார்ந்திருப்பாள். ஒரு முன்பல்லின் நிறத்தைப் பக்கத்துப் பல்லோடு சேர்க்க அரைமணி நேரம் மல்லுக்கட்டுவாள். வீட்டுக்கு வந்து கை கழுவியதும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து கொடி வரைவாள்.

"ஊரான் வீட்டுக் கொடியெல்லாம் உன் தலையிலதான் விடிஞ்சிருக்கா?" என்று கணவர் கேட்பார்.

"ஏத்துறவங்க சரியான கொடியை ஏத்தணும்ல" என்பாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

(ஒரு சின்ன விளக்கம். அவள் வரைவது வெக்டர் படம். புகைப்படம்போல் புள்ளிகளால் ஆனதல்ல, கணக்கால் ஆனது. தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும், கட்டடத்தையே போர்த்தும் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது. அதில் தப்பு இருந்தால் தப்பும் சிதையாது.)

3

ஏழு வருடத்துக்கு முன் ஆற்றங்கரையில் இருந்த ஓர் ஊரின் கொடியை வரைந்தாள். பச்சைத் துணி, நடுவில் வெள்ளைப் படகு, அடியில் நீல அலைகள். பார்த்து வரைய ஒரே ஒரு புகைப்படம்தான் கிடைத்தது. பால்கனியில் தொங்கிய கொடி, கீழோரம் சுருண்டு கிடந்தது. அலைகளை எண்ணினாள். நான்கு. வரைந்தாள், தொகுப்பில் சேர்த்தாள், மறந்தாள்.

போன மாதம் அவளுக்கு ஒரு செய்தி வந்தது.

"மேடம், நான் ஆம்புலன்ஸ் ஓட்டறேன். நீங்க வரைஞ்சது எங்க கொடி. அஞ்சு கிராமத்துக்கு அஞ்சு அலை. கடைசி அலை எங்களுது. யாரு சொல்லி அதை எடுத்தீங்க?" அடியில் தொலைபேசி எண்.

பழைய புகைப்படத்தைத் திறந்து திரை முழுக்கப் பெரிதாக்கினாள். சுருண்ட ஓரத்துக்குள் நூலளவுக்கு நீலம். அன்றைக்கு அதை நிழல் என்று நினைத்துக் கடந்திருந்தாள். அவள் கண்களில்... (இல்லை, அழவில்லை.) உடனே போன் செய்தாள்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் விட்டுட்டேன். துணி சுருண்டிருந்தது, எண்ணினது தப்பாப் போச்சு."

மறுமுனையில் வண்டி எஞ்சின் மட்டும் உறுமியது.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். உங்க ஊர்மன்றத்துல என் படத்தை எடுத்துத்தான் அச்சடிச்சிருக்காங்க. இப்ப ஏத்துற கொடியோட போட்டோவை நெட்ல பார்த்தேன், நான் போட்ட அதே வளைவு."

"அப்போ..." ஆம்புலன்ஸ்காரர் எஞ்சினை நிறுத்தினார். "எங்கண்ணன் எடுக்கலையா?"

4

அவருடைய அண்ணன்தான் ஐந்து கிராமங்களுக்குமான ஊர்மன்றத் தலைவர். ஐந்தாவது கிராமத்தில் பிறந்து, பெரிய கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டு போனவர். ஏழு வருடத்துக்கு முன் பிறந்த மண்ணிலேயே குப்பைக் கிடங்கு கொண்டுவரப் பார்த்தார். தம்பி முன்னால் நின்று மறித்தான்.

"கிடங்கு வரலைக்கா. ஆனா அடுத்த மாசம் வந்த புதுக் கொடியில எங்க அலையும் வரல. பழிவாங்கிட்டான்னு நாங்க நெனச்சோம். நெட்ல இருந்ததைத்தான் அச்சடிச்சேன்னு அவன் அன்னிக்கே சொன்னான். யாரு நம்புறா? அவனும் லேசுப்பட்டவன் இல்ல. நம்பாதவங்களுக்காக எதுக்கு மாத்தணும்னு நாலு அலையையே புடிச்சிக்கிட்டான்."

பேச்சுக்கிடையில் 'மேடம்' 'அக்கா' ஆனதை அவள் கவனித்தாள். திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது.

5

அன்று மாலையே ஐந்தாவது அலையைச் சேர்த்து, அந்த மன்னிப்பையும் எழுதிப் படத்தை ஏற்றினாள். பதினோரு நிமிடத்தில் பழைய படம் திரும்பி வந்து நின்றது.

திருப்பியது 'கொடிக்கம்பம்'. தொகுப்பில் எல்லாரும் பயப்படும் ஆசாமி. ஆணா பெண்ணா, எந்த ஊர், யாருக்கும் தெரியாது. பெயருக்கேற்ற விறைப்பு மட்டும் தெரியும்.

"ஆதாரம்?" என்று எழுதியிருந்தது கொடிக்கம்பம். "மன்றக் கட்டடத்தில் பறக்கும் கொடியில் நான்கு அலைகளே உள்ளன. புகைப்படம் இணைத்துள்ளேன்."

"அந்தக் கொடியே என் படத்தைப் பார்த்து அச்சடித்தது. என் தப்புக்கு என் தப்பையே சாட்சிக்கு நிறுத்துகிறீர்கள்" என்று எழுதினாள்.

"அப்படியானால் அதற்கு முந்திய கொடியைக் காட்டுங்கள். அளவுகளோடு."

(முதல் வரைவில் கொடிக்கம்பத்தை வில்லனாக்கியிருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஏழு வருடத்துக்கு முன் இவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையிருந்திருக்காது.)

6

ஆம்புலன்ஸ்காரர் வீடு வீடாக ஏறி இறங்கி, வாலிபால் குழுவின் கோப்பை அலமாரியில் விரிப்பாகக் கிடந்த பழைய கொடியைக் கண்டுபிடித்தார். மறுநாள் வண்டியின் ஸ்ட்ரெச்சர்மேல் அதை விரித்து வைத்துக்கொண்டு வீடியோவில் வந்தார்.

"அக்கா, ஒரே சுருக்கமா இருக்கு. இஸ்திரி போட்டுட்டு அளக்கவா?"

"ஐயோ, வேணாம்! சூடு பட்டா துணி இழுத்துக்கும். தண்ணி தெளிச்சுக் கையால நீவி விடுங்க."

"நோயாளியைக்கூட நான் இப்படித் தடவிக் குடுத்ததில்லக்கா."

அவர் டேப்பைப் பிடித்துச் சொல்லச் சொல்ல அவள் குறித்துக்கொண்டாள். அகலம், உயரம், ஒவ்வொரு அலைக்கும் இடையிலிருந்த பச்சை. ஐந்தாவது அலைக்கு வந்ததும் டேப்பை வைத்துவிட்டு அதை இன்னொரு முறை நீவி விட்டார். அவள் அவசரப்படுத்தவில்லை.

அளவுகளும் படங்களும் போய்ச் சேர்ந்தன. இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள்: "ஆதாரம் போதுமானது. ஐந்தாவது அலையின் வளைவு இம்மியளவு இடப்புறம் விலகியிருந்தது. சரிசெய்துவிட்டேன்." அதற்குக் கீழே, ஒரு மணி நேரம் கழித்து எழுதியது: "நன்றி."

கொடிக்கம்பம் நன்றி சொல்லி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

7

இங்கே முடித்திருக்கலாம். படம் சரியாகிவிட்டது. ஆனால் ஆம்புலன்ஸ்காரர் விடவில்லை.

"நீங்க நேர்ல வந்து மன்றக் கூட்டத்துல சொல்லுங்கக்கா. நான் சொன்னா எங்காளுங்களே நம்பமாட்டாங்க."

"ஒரு கோடு விட்டதுக்கு ஆறு மணி நேரம் பஸ்ல போகணுமா?" என்றார் கணவர். அவள் பையில் துணி வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர், "எனக்கும் ஒரு சட்டை எடுத்து வை" என்றார்.

கூட்டத்துக்கு ஐந்தாவது கிராமத்திலிருந்து ஏழு வருடத்தில் முதல்முறையாக ஆட்கள் வந்திருந்தார்கள். நாற்காலி போதவில்லை. அடுத்தவர் வாயைச் சரிசெய்தே பழகியவளுக்குத் தன் வாய் ஒத்துழைக்க மறுத்தது. மைக்கைப் பிடித்தாள்.

"அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான். தலைவர் எதையும் எடுக்கல. யாருமே எடுக்கல. நான்தான் சரியாப் பார்க்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "ஏம்மா, ஏழு வருஷமா இந்த மனுஷனைத் திட்டாத நாளில்ல. அத்தனையையும் இப்ப எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"

"குப்பைக் கிடங்குலதான்!" என்றது யாரோ. கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கொடியை மாற்றுவதா வேண்டாமா என்று பேச்சு சூடுபிடித்தது. பள்ளி ஆசிரியை எழுந்து, பிள்ளைகளின் சட்டையில் நாலு அலைதானே இருக்கிறது, அவர்களுக்குத் தெரிந்த கொடி அதுதானே என்றார். "ஊசி நூல் எங்ககிட்ட இருக்கு டீச்சர், அஞ்சாவதை நாங்க தைச்சுத் தர்றோம்" என்றது பின்வரிசை. தலைக்குத் தலை பேசினார்கள். ஆனால் ஒரே கூரையின் கீழ் பேசினார்கள்.

8

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் ஐந்து அலைக்கே திரும்பும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நம்பும்படி இல்லை. ஒன்றில் தோற்றது. எனக்கு மனசு வரவில்லை. மூன்றாவதில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து... அதைக் கிழித்துப் போட்டேன்.

எனவே வாக்கெடுப்பை நான் எழுதப்போவதில்லை. அதற்குச் சற்று முன்பு வரைதான் என்னால் வர முடிகிறது. தலைவர் மேசையைத் தட்டி எல்லாரையும் அமர்த்துகிறார். ஐந்தாவது கிராமத்தின் சார்பில் ஒருவர் பேசலாம் என்கிறார். யாரும் எழவில்லை. எல்லாரும் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து நிற்கும் ஆம்புலன்ஸ்காரரைப் பார்க்கிறார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார்.

"நீ பேசுடா" என்கிறார்.

தம்பி சுவரை விட்டு நகர்ந்து முன்னால் வருகிறான். பல்செட்காரி மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறாள். அவன் சொல்லப்போகும் முதல் சொல்லை ஒன்பது முறை எழுதிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அவன் வாயில் நிற்கவில்லை. உங்களுக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மைக் வேலை செய்கிறது. சொல்லுங்கள்.