நாவில் பட்ட ஏடு

கதிரவன் எழுந்தும் எழாததுமாய் இருந்த வைகறைப் பொழுதில், நகரின் கடைக்கோடியில் நெடுமதில்களுக்குள் ஒடுங்கிக் கிடந்த இறைச்சிக்கூடம் மட்டும் முழுதாய் விழித்திருந்தது. கூரைத் தகடுகளின் மேல் காகங்கள் நெருங்கி அமர்ந்து பூசலிட, சாய்தளத்தில் வழிந்த குருதியும் கழுவிய நீரும் ஒன்றாகி இளஞ்சிவப்பு நுரையாய் வாய்க்காலில் இறங்க, அந்நுரையைத் தடவி வந்த காற்று தெருமுனையில் நிற்போரின் தொண்டையிலும் பிசுபிசுப்பாய் ஒட்டிக்கொண்டது. படிப்போரே, மூக்கைப் பொத்திக்கொண்டேனும் உள்ளே வாருங்கள். ஒரு சொல்லின் வேரைத் தேடிப் பெரியவர் ஒருவர் இங்கே வந்திருக்கிறார்.

கால்நடைகளின் உடலுறுப்புப் பெயர்களை ஒரு சொற்களஞ்சியமாய்த் தொகுத்து வந்தவர் அவர். ஆவின் நான்கு இரைப்பைகளுள் மூன்றாவதற்கு 'ஏட்டுப்பை' என்று பெயர் குறித்திருந்தார். ஓலைச்சுவடியைக் கண்ட புலவன் ஒருவன் இட்ட பெயராக இருக்கும் என உடனுழைத்தோர் கூற, அவர் உடன்படவில்லை. பாலின் மேல் படர்வதும் ஏடு, பூவின் இதழும் ஏடு, எழுதும் ஓலையும் ஏடு; மெல்லியதாய்ப் படிந்து கிடப்பது எதுவாயினும் அது ஏடே; அச்சொல் உயர்வு தாழ்வு பாராதது என்று அழகுற எழுதியிருந்தார். அவ்வுறுப்பைக் கண்ணால் காண்பது ஒன்றே எஞ்சியிருந்தது.

அண்டை வீட்டாரிடம் அவர் சொன்ன காரணம் இது. சொல்லாத காரணம் வேறொன்று இருந்தது. அவருடைய ஒரே மகள் கால்நடை மருத்துவர். இக்கூடத்தில் இறைச்சியை ஆய்ந்து முத்திரையிடுபவள். இங்கே வெட்டுத்தொழில் செய்யும் இளைஞனை மணக்க விரும்பினாள். அவன் தாய் குடல் கழுவுபவள்.

"ஒரு தடவை வந்து அவங்க அம்மாகிட்ட நீங்களே பேசுங்கப்பா. பேசின பிறகும் வேண்டாம்னு தோணுச்சுன்னா அப்போ சொல்லுங்க" என்று மகள் கேட்டிருந்தாள்.

குடல் கழுவும் அறையில் அவர் அடி வைத்ததும் செருப்பு வழுக்கியது. தொட்டிகளில் சாம்பல் நிறக் குடல்கள் ஒன்றையொன்று பின்னிக் கிடந்தன. பாதி செரித்த புல், புளித்த குழம்பாய்த் தரையெங்கும் சிந்தி, ஈக்களின் கரிய போர்வைக்கடியில் மெல்லக் குமிழியிட்டது. மேல்துண்டால் மூக்கை மூடியவர், மகளின் முகத்தைக் கண்டு துண்டை இறக்கினார்.

"வாங்கய்யா! மாப்பிள்ளை பார்க்க வர்ற இடத்துல மாட்டுக்குடலை விரிச்சு வச்சவ ஊர்லயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்று முழங்கையால் நெற்றி மயிரை ஒதுக்கியபடி சிரித்தாள் தாய்.

"அம்மா, சும்மா இரேன்" என்று மகன் கூசினான்.

"என்னடா சும்மா? அய்யா பார்க்க வந்ததைக் காட்டணும்ல?" என்றவள், உருண்டையான இரைப்பை ஒன்றைக் கல்லின் மேல் இட்டுப் பிளந்தாள். "ஒவ்வொரு தாளாத் திருப்பித்தான் கழுவணும்யா. ஒண்ணை விட்டாலும் மொத்தமும் நாறிடும்."

உள்ளே ஏடுகள்! சொரசொரத்த, ஈரம் தோய்ந்த, எண்ணிலடங்கா ஏடுகள். இடையிடையே பச்சைச் சேறு. பெரியவர் அருவருப்பை மறந்தார். தாம் எழுதியது மெய்யானதைக் கண்ட களிப்பில் குனிந்து, விரலால் முதல் ஏட்டைத் திருப்பினார், இரண்டாவதைத் திருப்பினார், மூன்றாவதும் நான்காவதும் ஒட்டிக்கொண்டன. நாவில் விரலை நனைத்துத் தாள் திருப்புவது அவருக்கு இளமையிலிருந்தே உள்ள பழக்கம். "புத்தகத்தை நக்காதீங்கப்பா" என்று மகள் சிறுமியாய் இருந்தபோதே கடிந்தும் விடாத பழக்கம். அவ்விரல் இப்போதும் தானே எழுந்து நாவைத் தொட்டது.

"அப்பா!"

கசப்பும் புளிப்புமாய் அழுகலின் கொழுமை வாய் முழுதும் பரவியது. சுவரைப் பற்றிக்கொண்டு வயிற்றிலிருந்ததை எல்லாம் கக்கினார். சிரிப்பை விழுங்க இளைஞன் முகம் திருப்பினான். தாய் சிரிக்கவில்லை. ஓடிச் சென்று கைகளைக் கழுவி, குவளையை அலம்பி, குடிநீர் மொண்டு வந்தாள்.

"கொப்புளிங்கய்யா. எனக்கும் பேசிட்டே இருக்கறப்ப எத்தனையோ தடவை வாய்க்குள்ள தெறிச்சிருக்கு. ஒண்ணும் ஆகாது."

நீர் தெளிந்திருந்தது. ஆனால் குவளையின் விளிம்பைப் பிடித்திருந்த விரலின் நகக்கண்ணில் மெல்லிய பச்சைக்கோடு ஒன்று தங்கியிருந்தது. அவர் அதையே பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"வேணாம்மா. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கறேன்."

"இந்த வாயோடவா?"

"பழக்கமில்ல."

"எதுப்பா பழக்கமில்ல? தண்ணியா?" என்றாள் மகள்.

மகள் குவளையை வாங்கி, அவர் கண்முன்னே ஒரு துளியும் மிஞ்சாமல் குடித்து, கழுவித் திருப்பித் தந்தாள்.

"நீங்க கிளம்புங்கப்பா, எனக்கு வேலை இருக்கு. வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போறோம். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

வழியெங்கும் குழாய்கள் இருக்க, நெடுந்தொலைவைக் குமட்டலோடு நடந்து கடந்தார். தம் வீட்டு நீரால் ஈறு கன்றும்வரை கொப்புளித்தார். ஏட்டுப்பைக்கு உரிய குறிப்பை அன்றே எழுதி முடித்தார். உயர்வு தாழ்வு பாராதது என்னும் தொடரை நீக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

படிப்போரே, அந்த அறையின் நாற்றம் நீர் ஊற்ற ஊற்ற நண்பகலுக்குள் அகன்றுவிடுகிறது. அந்தத் தாய் ஒவ்வோர் ஏடாய்த் திருப்பித்தான் கழுவுகிறாள். பெரியவரோ இன்றும் நூல்களோடு அமர்கிறார். தாள்கள் ஒட்டிக்கொள்கையில் விரல் தானே எழுகிறது. உதட்டருகே சென்றதும் அந்தப் புளிப்பு தொண்டையில் மூள, நின்றுவிடுகிறது. தாளைத் திருப்பித் தர அவ்வீட்டில் இப்போது வேறொரு கை இல்லை.