ஆண்டிச்சாமியிடம் நீட்டிய சில்லு

பழங்கால ஏதென்ஸ் நகரத்தில், யாரை ஊரைவிட்டு அனுப்புவது என்பதை மக்கள் உடைந்த சட்டிச் சில்லுகளில் பெயர் எழுதி முடிவு செய்வார்கள். அரிஸ்டைடீஸ் என்ற நேர்மையான தலைவரிடம், அவரை யாரென்று தெரியாத ஒரு குடியானவன் சில்லை நீட்டி, அரிஸ்டைடீஸ் பெயரை எழுதித் தரச் சொன்னான். காரணம் கேட்டதற்கு, "எல்லாரும் அவரை நேர்மையானவர் என்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது" என்றான். அவர் தான் யாரென்று சொல்லாமலே எழுதிக் கொடுத்தார்.

பள்ளி ஆண்டு விழாவில் லீலா டீச்சர் இந்தக் கதையைச் சொன்னார். கவுஞ்சி மலைக்கிராமத்துப் பூண்டு விவசாயிகள் சங்கத்தார் கதையின் நீதியை விட்டுவிட்டு, சில்லை மட்டும் தங்கள் தலைவர் தேர்தலுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சங்கத் தலைவர் ஆண்டிச்சாமி எடைக்கு வரும் ஒவ்வொரு பூண்டு மூட்டையையும் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். ஈரமிருந்தால் திருப்பி அனுப்புவார். மைத்துனன் மூட்டையும் திரும்பியிருக்கிறது. மற்றபடி அவர்மேல் குறையில்லை. பதவியில் நீடிக்க அவருக்கு மிகுந்த ஆசை. மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருந்தார்.

போட்டிக்கு நின்றவர் முருகவேல். இருவரில் யார் வேண்டாமோ அவர் பெயரைச் சில்லில் எழுதவேண்டும். கோயில் வாசலில் சுண்ணாம்புக்கட்டி வைத்திருந்தார்கள்.

சங்க உறுப்பினர் பிச்சையம்மாள் சில்லோடு நேராக ஆண்டிச்சாமியிடம் வந்தார்.

"அண்ணே, எனக்கு எழுத வராது. இதுல ஒங்க பேரை எழுதிக் குடுங்க."

"நான் யாருன்னு தெரியுதுல்ல?"

"தெரியாம என்ன? என் மூட்டையத் திருப்பி அனுப்புன மனுசன்தான?"

"அங்கன அத்தனை பேரு நிக்கிறாக. கேக்கலாம்ல?"

"அவுக முருகவேல் பேரை எழுதிப்புட்டு ஒங்க பேருன்னுவாக. நீங்க ஏமாத்த மாட்டீக."

பின்னால் நின்ற முருகவேல், "வெரசா எழுதுங்கண்ணே. ஏதென்ஸ்ல இம்புட்டு நேரம் ஆகலையாம்" என்றார்.

ஆண்டிச்சாமி எழுதினார், இனிஷியலோடு.

ஒரு சில்லு வித்தியாசத்தில் பதவி போயிற்று. பிச்சையம்மாள் முகம் வாடிவிட்டது.

"அது என்னுதா இருக்குமோ அண்ணே?"

"இருக்காது தாயி. அங்க எம்புட்டுச் சில்லு கெடக்கு."

கேட்டது கிடைக்காவிட்டாலும் தேங்காயை அவர் உடைத்தார். ஒரு மூடியைப் பிச்சையம்மாளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த எடை நாளில் பிச்சையம்மாள் வெயிலில் நன்றாகக் காயவைத்த பூண்டைக் கொண்டுவந்தார். புதுத் தலைவர் முருகவேல், "தராசுல வையி ஆத்தா" என்றார்.

"பிரிச்சுப் பாருங்க."

"எதுக்கு? நம்பிக்கை இருக்கு."

"ஒங்க நம்பிக்கைய வச்சு நான் என்ன செய்ய? கைய விட்டுப் பாருங்க."

முருகவேல் மூட்டையைப் பிரித்தார். கையை விட்டார். எது ஈரம், எது மலைக்குளிர் என்று அவருக்குப் பிடிபடவில்லை. வரிசையில் அடுத்து, தன் மூட்டையோடு ஆண்டிச்சாமி நின்றிருந்தார்.

"அண்ணே, நீங்களே பாருங்களேன்."

ஆண்டிச்சாமி முழங்கைவரை கையை விட்டார்.

"காஞ்சிருக்கு" என்றார்.

"இப்ப வைங்க தராசுல" என்றார் பிச்சையம்மாள்.

ஆண்டிச்சாமி தன் மூட்டையின் வாயையும் அவிழ்த்து வைத்தார்.