நல்ல நரம்பு

ஊசியை வெளியே எடுத்த பிறகுதான் சுவேதா மூச்சுவிட்டாள். சிரிஞ்சில் ரத்தம் கோடு வரை ஏறியிருந்தது. "ஒரே குத்து! பாருங்க மேம், ஒரே குத்து!" என்று ஆய்வுக்கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சுரேகா பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு முழங்கையை மடக்கினாள். அவளுடைய நாற்காலிக்கு முன்னால் இன்னும் சிலர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அடுத்து ஆசிக். வா. சுரேகா, வலது கையைக் குடும்மா," என்றார் சுலோசனா மேடம், எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையைத் தூக்காமல்.

சுவேதா தன் பையிலிருந்து மாதுளை ஜூஸ் பாக்கெட்டை எடுத்து, உறிஞ்சுகுழலையும் அவளே குத்தி நீட்டினாள். ஒவ்வொரு முறையும் கொண்டுவருவாள். நல்ல பெண்தான். பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த அடுக்குமாடியில் வீடு, அப்பாவுக்கு சாஃப்ட்வேர் வேலை. சுரேகா ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் ஆசிக் வலது கையில் ரப்பர் பட்டையைக் கட்டியிருந்தான்.

பூந்தமல்லி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் டயர் கடைக்கும் நடுவே இருந்த அந்த லேப் டெக்னீஷியன் கல்லூரியில், ரத்தம் எடுத்துப் பழக ரப்பரில் செய்த கை ஒன்று உண்டு. அது கண்ணாடி பீரோவுக்குள், வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையோடு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களுக்காகப் படுத்திருந்தது. மாணவர்கள் ஒருவர் கையில் ஒருவர் குத்தித்தான் பழக வேண்டும். முதல் வருடம் மேடம் ஒவ்வொரு கையாகப் பட்டை கட்டித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து சுரேகாவிடம் நின்றார். "இங்க வாங்கப்பா எல்லாரும். நரம்புன்னா இது. கண்ண மூடிட்டுக் குத்தலாம்." எல்லோரும் சூழ்ந்துகொண்டு பார்த்தார்கள். தன்னிடம் இருக்கும் ஒன்றைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டது சுரேகாவுக்கு அதுதான் முதல் தடவை. மறுநாள் குட்டைக் கை வைத்த சுடிதார் போட்டுக்கொண்டு போனாள்.

அந்த நரம்பு எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரியும். அம்மா கன்னியம்மாவின் கைகளிலும் அதேதான், இன்னும் முறுக்கேறி. எட்டாவது படிக்கும்போதிலிருந்து லீவு நாளில் அம்மாவோடு போய், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளில் தண்ணீர் கேன் ஏற்றியிருக்கிறாள்.

ஊசி பிடிக்க அவளுடைய முறை வருவது மட்டும் ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போனது. ஒருநாள் மணி அடித்துவிடும். ஒருநாள் எதிரே உட்கார்ந்தவளுக்குத் தலைசுற்றும். சுவேதாவின் கையில் நரம்பே தெரியாது. குத்தின தடம் தெரிந்தால் அவளை வீட்டில் திட்டுவார்கள் வேறு. "உனக்கென்ன சுரேகா, நீ பாத்தே கத்துப்ப," என்பார் மேடம். உண்மையில் அவளால் பார்க்கக்கூட முடியவில்லை. தன் கையில் ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது பழக்கமாகிவிட்டிருந்தது. மற்றவர்கள் கை தேர்ந்துகொண்டே வந்தது. அவள் கைகளில் பழைய நீலம் மஞ்சளாவதற்குள் புதிய நீலம் வந்தது. பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போது பக்கத்தில் நிற்கும் பெண்கள் அவள் முழங்கையைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

"இன்னாடி கையி இது? காலேஜுன்னு சொல்லிட்டு எங்கனா ரத்தம் வித்துகினு கீறியா?" என்றாள் கன்னியம்மா ஒருநாள்.

"படிப்புமா."

"இன்னா படிப்போ. குத்துறவளுங்க படிக்கிறாளுங்க. நீ இன்னா படிக்கிறே?"

அதற்கப்புறம் சுரேகாவுக்கு வீட்டிலும் முழுக்கைச் சட்டைதான்.

இறுதியாண்டு முடியும் தறுவாயில் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை, இந்தக் கல்லூரியிலிருந்து இரண்டு பேரை ரத்த மாதிரி எடுக்கும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு. ஒரே ஒரு குத்து, அவ்வளவுதான். வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது சுரேகாவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூட்டை இறக்கும் அப்பா நாகப்பன், அங்கே ஒரு பேக்கிங் கம்பெனி சூப்பர்வைசரிடம் அவளுக்காகச் சொல்லி வைத்துவிட்டார். படிப்பு எதுவாயிருந்தாலும் பரவாயில்லையாம், நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கோவில்பதாகை வீட்டில் மின்விசிறிக்கு அடியில் நாகப்பன் கையை நீட்டினார். "குத்தும்மா. மூட்டை தூக்குற கை, ஊசிக்கா பயந்துக்கப் போவுது?" சுரேகா பட்டையைக் கட்டினாள். அப்பாவின் நரம்பு கயிறு போலப் புடைத்தது. ஸ்பிரிட் தடவி, ஊசியை இறக்கினாள். இறங்கிய கணத்தில் நாகப்பன் முழங்கையை லேசாகத் திருப்பினார். அவ்வளவு தடித்த நரம்பு, தண்ணீருக்குள் விரால் போல, முனைக்குப் பக்கத்திலேயே வழுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டது. ரத்தம் வரவில்லை. தோலுக்கடியில் புடைப்பு எழும்பியது.

"ஏன் நைனா கையத் திருப்பினே?"

"கூச்சமா கீதும்மா."

"ஆம்பளையப் பாரு, கூச்சமாம்," என்று கன்னியம்மா அடுப்பங்கரையிலிருந்து சிரித்தாள். சுரேகா சிரிக்கவில்லை. தோலை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது. அதைப் புத்தகத்தில் படித்திருந்தாள். வகுப்பில் யாரும் அப்படிச் செய்து பார்த்ததில்லை. அவள் கையில் அதற்குத் தேவை இருந்ததில்லை.

வியாழக்கிழமை, மருத்துவமனையின் ஆய்வுக்கூடத் தலைவர் ரவிச்சந்திரன் நோயாளிகள்மேல் கை வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "உங்களுக்குள்ளயே எடுங்க. யார் கை குடுக்கறீங்க?"

எல்லோரும் திரும்பி சுரேகாவைப் பார்த்தார்கள், அறையில் நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதைப் போல. "உக்காரும்மா. நீ கடைசில பண்ணிக்கலாம்," என்றார் சுலோசனா மேடம்.

உட்கார்ந்தாள். கைக்கு அடியில் சிறிய தலையணை வைத்தார்கள். முதலில் சுவேதா. குனிந்து பட்டையைக் கட்டும்போது அவள் காதருகில் சொன்னாள்: "பயமா இருக்குடி. உன் கை இருக்குல்ல, அது போதும்."

அதை அவள் அன்பாகத்தான் சொன்னாள். சுரேகாவும் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு வருடமாக எடுத்துக்கொண்டவள்தான். ஆனால் இந்த முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஊசி முனை தோலைத் தொடுவதைப் பார்த்தாள். சுவேதாவின் இடது கட்டைவிரல் சும்மா காற்றில் நின்றது. ஊசி உள்ளே இறங்கியது. சுரேகா முழங்கையை ஒரு நூல் அளவு உள்பக்கம் திருப்பினாள்.

ரத்தம் வரவில்லை. சுவேதா ஊசியை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வலி தோள்வரை ஏறியது. சுரேகா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வெளிய எடு," என்றார் ரவிச்சந்திரன். "இவ்ளோ பெரிய நரம்பு, இதையே விட்டுட்டியே. தோலை இழுத்துப் பிடிக்கச் சொல்லித் தரலையா?"

"இந்தப் பொண்ணு கையில எப்பவும் தவறாது சார்..." என்று மேடம் ஆரம்பித்தார்.

ரவிச்சந்திரன் குனிந்து சுரேகாவின் கையைப் பார்த்தார். புள்ளிகள், நீலம், மஞ்சள். மறு கையையும் திருப்பிப் பார்த்தார். "எல்லாரும் இதுலதான் கத்துக்கிட்டீங்களா?"

சுவரோரம் ஆசிக் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நீ எதுல கத்துக்கிட்ட?"

சுரேகா பஞ்சை வைத்து முழங்கையை மடக்கினாள். அவர் கேட்டதில் பரிவு இல்லை; தேய்ந்துபோன கருவியைப் பார்த்து எந்த வருடத்தது என்று கேட்கிற குரல்தான். "இந்தக் கை இனிமே வேணாம். எழுந்திரு. அவ உக்காரட்டும், நீ எடு."

இடம் மாறினார்கள். சுவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். வழவழப்பான, பூசினாற்போன்ற கை. ஒரு புள்ளிகூட இல்லை. சுரேகா பட்டையைக் கட்டி விரலால் தேடினாள். கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. விரல் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஆழத்தில், மடிப்புக்குச் சற்று உள்ளே தள்ளி, ஏதோ ஒன்று மெதுவாக அமுங்கி எழுந்தது. விரலை எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தால் மறுபடி கிடைக்காது.

"நீ கையத் திருப்பின," என்றாள் சுவேதா, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

சுரேகா ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். "கைய மூடிக்கோ," என்றாள்.

சுவேதா அவளையே பார்த்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். அந்தக் கண்களில் அழுகை நின்றுவிட்டிருந்தது. ரவிச்சந்திரன் பின்னால் வந்து நின்றார். சுரேகா இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து ஊசியைத் தாழ்த்தினாள். ஸ்பிரிட்டின் ஈரம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு புள்ளியாகி, மறைந்தது. தலையணைமேல் சுவேதாவின் முழங்கை இன்னும் அசையாமல் இருந்தது.