நல்ல கிட்டார்

பாண்டுரங்கன் கிட்டாரின் கழுத்தைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். வாசல்படிக் கல்லில் அடிக்கப் போகிறார் என்று தெரிந்ததும், கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த புவனா எழுந்து ஓடி அதன் அடிப்பக்கத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வுடுமா. என் புள்ளய தின்ன சனியன் இது."

"வாணாம் மாமா. குடுங்க."

பறையடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முந்தின நாள் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு கோயில் திருவிழா. கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த இளவழகன், கூடப் பாடுவதற்காக மைக்கில் வாய் வைத்தான். கரண்டு அடித்து மேடையிலேயே விழுந்தான். காலையில் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துச் சந்தவாசல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிட்டாரும் அதே வண்டியில் வந்தது.

"எத்தினி வாட்டி சொன்னேன்," என்றார் கச்சேரிக் குழுவை நடத்தும் ஆதிநாராயணன். பந்தல் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். "ஆன்லைன்ல வர்ற மலிவு சரக்கு வாணாம்டா, உள்ள ஒயரெல்லாம் ஏனோதானோன்னு இருக்கும்னு. கேட்டானா? கிட்டார்லயே கரண்டு எறங்கிடுச்சு."

அவர்கள் வகையறாவில், செத்தவன் ஆசையாக வைத்திருந்த பொருளை அவனோடு குழியில் வைப்பார்கள். உயிரை வாங்கிய பொருளை வைப்பதில்லை. உடைத்து இடுகாட்டு ஓரத்தில் எறிந்துவிடுவார்கள்.

"ஒரு வாட்டி பாத்துட்டுத் தர்றேன் மாமா," என்றாள் புவனா. "போளூர்லேர்ந்து எங்க வூட்டுக் கோடித் துணி வர்ற வரைக்கும்."

மாமனார் கையை விட்டார்.

உள்ளறையில் குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. புவனா கதவை ஒருக்களித்துவிட்டு, கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டாள். இது மட்டமான சரக்கு என்றால் அவனைக் கொன்றதில் அவளுக்கும் பங்கு உண்டு. ஒரே போனில் தலையோடு தலை முட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து இருவருமாகத் தேர்ந்தெடுத்தது.

"வெல கம்மின்னா மட்டம்னு இல்ல புவனா," என்பான். "எதுல மிச்சம் புடிச்சிருக்கான்னு பாக்கணும். கம்பில புடிச்சானா, மாத்திக்கலாம். கழுத்து மரத்துல புடிச்சானா, அவ்ளோதான்."

முதலில் வந்த கிட்டாருக்குக் கழுத்து கோணல். திருப்பி அனுப்பினார்கள். இது இரண்டாவது. தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல அதன் தலைப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நேராக இருந்தது. கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினாள். குறுக்கே பதித்த தகடுகள் எதுவும் கீறவில்லை; முனைகளை எல்லாம் அவனே அரத்தால் ராவியிருந்தான். தடித்த கம்பியைத் தட்டினாள். குடத்துக்குள் யாரோ பேசியதுபோல நிதானமாகக் கேட்டது.

மூலையிலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் கிட்டார் ஒயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டாள். லேசாக இரைந்தது. கம்பியின் மேல் கையை வைத்தாள். அடங்கியது.

வந்த புதிதில் அடங்காது. கை வைத்தாலும் வைக்காவிட்டாலும் வண்டு மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். பாப்பா தூங்க மாட்டேன் என்கிறாள், இதை ஏதாவது செய்யுங்கள் என்று புவனாதான் நச்சரித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோது, கம்பிகளோடு சேர வேண்டிய எர்த்து ஒயர் உள்ளே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவள் டார்ச் பிடிக்க, அவன் பற்றவைத்தான். "இப்ப தொடு," என்றான். தொட்டாள். வீடே அமைதியானது. "பாத்தியா? இனிமே பெரிய கம்பெனி கிட்டாரு இதுகிட்ட வந்து நிக்கணும்."

கிட்டாரில் குற்றமில்லை. புவனா மூச்சை விட்டாள்.

கதவருகில் அருண்ராஜ் நின்றான். குழுவில் கீபோர்டு வாசிப்பவன்.

"அண்ணி, ஆதிண்ணன் சொல்றது பொய்," என்றான் தணிந்த குரலில். "அவரு கொண்டாந்த ஜெனரேட்டர்ல எர்த்தே இல்ல. ஆம்ப்ல கரண்டு ஏறி நின்னுருக்கு. அது அப்பிடியே கிட்டார் கம்பிக்கு வந்துடுச்சு. கை கம்பில, வாய் மைக்ல."

"கம்பிக்கு எப்பிடி வரும்?"

"உள்ள இருக்கற எர்த்து ஒயர் வழியாதான். நல்ல கிட்டார்னா கம்பியோட அது சேந்துதான் இருக்கும்."

"சேராம இருந்தா?"

"சேராம இருந்தா இரையும் அண்ணி."

"இரையட்டும். கம்பிக்குக் கரண்டு வந்திருக்குமா?"

அருண்ராஜ் அவளைப் பார்த்தான். பிறகு தூங்கும் குழந்தையைப் பார்த்தான்.

வெளியே அவளுடைய அம்மா வீட்டார் வந்து சேர்ந்த அழுகைச் சத்தம் எழுந்தது. புவனா கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதோடு எழுந்தாள்.

"மாமா, இதுல ஒரு குத்தமும் இல்ல," என்றாள் வாசலில் நின்று. "ஜெனரேட்டர்லதான் எர்த்து இல்ல. அருணு பாத்திருக்கான்."

"இன்னாடா அருணு?" என்றார் ஆதிநாராயணன்.

"ஆமாண்ணே," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

ஆதிநாராயணனைச் சுற்றி நின்றவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள்.

பாண்டுரங்கன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கிட்டார் வீட்டுக்கு வந்த அன்று அவர்தான் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்: "ஊருக்கெல்லாம் ஆறு கம்பி. நம்மாளுக்கு நாலு குடுத்து ஏமாத்திட்டானுங்க." இப்போது மருமகளின் முகத்தையே பார்த்தார்.

"அப்ப அவன் வாங்குனது நல்லதுதானாமா?"

"நல்லது மாமா. ரொம்ப நல்லது."

அவர் தோள் துண்டை எடுத்து, கிட்டாரின் மேலிருந்த செம்மண்ணைத் துடைத்தார். கம்பிகளுக்கு நடுவே விரல்விட்டுத் துடைத்தார். பிறகு அதைக் கொண்டுபோய் மகனின் வலது பக்கம், கைக்கு எட்டும்படி வைத்தார்.

கோடி போர்த்தினார்கள். பாடை எழுந்தது. பெண்கள் தெருமுனை வரை ஓடிவந்து அங்கேயே நின்றுவிட்டார்கள். பறைச் சத்தம் புளியமரங்களைத் தாண்டிப் போனது.

புவனா உள்ளே வந்தாள். ஆம்ப்ளிஃபயரை அணைக்க மறந்திருந்தாள். ஒயரின் வெறும் முனை தரையில் கிடக்க, அது வண்டு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. குழந்தை ஒரு முறை புரண்டு படுத்தது.

அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். சுவிட்ச் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அப்படியே இரைய விட்டாள்.