ஒருத்தி மட்டும் ஆரஞ்சு கோர்ட்டுக்கு

இரட்டையரில் ஒருத்தியை மட்டும் மேலே ஏற்றுவது என்று முடிவு செய்தபோதே, இது சும்மா போகாது என்று கோச்சுக்குத் தெரியும்.

கோச்சிடம் டென்னிஸ் பழக வரும் பொடிசுகள் முதலில் சிவப்புப் பந்தில்தான் ஆடுவார்கள். மெத்தென்ற பந்து, தாழ்ந்த வலை, நாலு எட்டில் முடிந்துவிடும் கோர்ட். அது பிடிபட்டதும் ஆரஞ்சுப் பந்து: கொஞ்சம் கெட்டி, கொஞ்சம் பெரிய கோர்ட். இரட்டையரில் சின்னவள் பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பாள். பெரியவளோ பந்து விழுந்த பிறகுதான் கிளம்புவாள். வழியில் யாரிடமாவது ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவாள்.

"ரெண்டு பேரையும் சேர்த்தே மாத்திடுங்களேன். இல்லாட்டி வீடு ரெண்டாயிடும்," என்றாள் அம்மா. பல் டாக்டர், க்ளினிக்கிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"பெரியவ அங்க வந்தா பேட்ல ஒரு பந்தும் படாது. வெறுத்துடுவா."

"அப்ப ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்."

"சின்னவளுக்கு இங்க போரடிக்குதுங்க. பந்துக் கூடையைத் தலையில கவுத்துக்கிட்டு நிக்கிறா."

அம்மா அரை மனசாகத் தலையாட்டினாள்.

ஆரஞ்சு கோர்ட்டுக்குப் போன சின்னவள் முதல் ரெண்டு நாளும் எல்லாப் பந்தையும் வலையில் அடித்தாள். பேட் கனமோ என்று கோச் வேறு பேட் கொடுத்துப் பார்த்தாள். அதுவும் வலைக்கே போனது. தன் கணக்குத் தப்பிவிட்டதோ என்று கோச்சுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க விட்டபோது பார்த்தால், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் சின்னவள் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

கோச் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "வேணும்னேதானே நெட்ல அடிக்கிற?"

சின்னவள் ஷூ லேஸை இழுத்துக்கொண்டிருந்தாள். "நான் இங்க வந்ததுலேருந்து கார்ல அவ என்கூடப் பேசவே மாட்டேங்குறா, மிஸ்."

"திரும்ப அங்கயே போறியா?"

"ம்."

கோச் போகச் சொல்லிவிட்டாள்.

சிவப்புக் கோர்ட்டில் பெரியவள் இதற்குள் வேறொரு ஜோடி பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணும் இவளைப் போலவே வாயாடி. ரெண்டும் சிரித்துச் சிரித்து, விழுந்து எழுந்து, எப்படியோ பந்தை வலைக்கு மேலே அனுப்பிக்கொண்டிருந்தன. தங்கையைக் கண்டதும் பெரியவள் இடுப்பில் கை வைத்தாள்.

"நீ ஏன் வந்த? அங்க துரத்தி விட்டுட்டாங்களா?"

"உனக்காகத்தான் வந்தேன்."

"எனக்குத்தான் ஆள் இருக்கே!"

சின்னவள் ஒரு பந்தை ஓங்கி அடித்தாள். அது அந்த வாயாடிப் பெண்ணின் காதை உரசிக்கொண்டு வேலிக்குப் போனது.

"மெதுவா அடிடீ! நாங்க இப்பதான் பழகுறோம்," என்று கத்தினாள் பெரியவள்.

சின்னவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு பேட்டை இழுத்துக்கொண்டு ஆரஞ்சு கோர்ட்டுக்கே திரும்பி வந்தாள். கோச் பந்தைத் தூக்கிப் போட்டாள். சின்னவள் அதை மூலைக்கு அடித்தாள். கோச்சால் எட்ட முடியவில்லை.

அன்று காரில் ஏறும்போது முன் சீட்டுக்கு ரெண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். அம்மா ரெண்டையும் பின்னால் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கோச் வலையைத் தளர்த்திவிட்டுப் பந்துகளைப் பொறுக்கப் போனாள்.