ஊசி போட்ட பிள்ளை

குழந்தை இருமவில்லை. இருமியிருந்தால் கண்ணாத்தாள் அப்போதே கண்டுபிடித்திருப்பாள். உச்சி வெயிலில் வாசல் வேம்பின் நிழலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குடித்துக்கொண்டிருந்த வாய் நின்றது. தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தாள். மாராப்பை விலக்கிப் பார்த்தபோது பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. மார்பு அசையவில்லை.

பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். மறுபடி மல்லாத்தி உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஓங்கிச் சுண்டினாள். அதற்குப் பிறகுதான் எங்கோ ஆழத்திலிருந்து ஒரு மூச்சு, கதவு இடுக்கில் காற்று நுழைவதுபோல் மெல்லிய சத்தத்தோடு உள்ளே போனது. பிள்ளை அழுதான். அவனை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

கடலைக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த புருஷன் மணியனிடம் ஓடினாள். வரப்பில் கால் இடறியது.

"ஏனுங்க, பையன் மூச்சு உடாம நின்னுட்டானுங்க. ஊதாப் பூத்துப் போச்சுங்க."

மணியன் மண்வெட்டியை அப்படியே போட்டான். மடை உடைந்து தண்ணீர் வேறு பாத்திக்குப் பாய்ந்தது.

சங்ககிரிக்கு மேற்கே அந்தத் தோட்டத்தில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே வாசலில் இரண்டு வீடு கட்டிக்கொண்டு இருந்தார்கள். மணியனின் அண்ணன் பெயர் சின்னண்ணன். அவன் மனைவி உண்ணாமலை. அவர்களுடைய ஒரே மகன் பொன்னனுக்கு அந்த மாசி மாதம் கக்குவான் இருமல் வந்தது. இருமத் தொடங்கினால் நிற்காது. முகம் சிவந்து, நாக்கு வெளியே தள்ளி, கடைசியில் மூச்சை இழுக்கும்போது சேவல் கூவுவதுபோல் ஒரு சத்தம் வரும். பிறகு தின்றதெல்லாம் வாந்தியாக வரும். இருமி இருமி அவன் வெள்ளை விழியில் ரத்தம் கட்டிக்கொண்டது. கழுதைப் பால் கொடுத்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள்.

கண்ணாத்தாள் பொன்னனைத் தன் வீட்டுப் படியேற விடவில்லை. உண்ணாமலைக்கு அது மனத்தாங்கல்தான். கண்ணாத்தாள் பொருட்படுத்தவில்லை. அவளுடைய மூத்த பெண் ராசாத்திக்குக் கக்குவான் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருந்தது. பிறந்த வீட்டில் தன் தம்பி ஒருவன் தொண்டை அடைப்பானில் மூச்சுக்குத் தவித்துச் செத்ததைச் சின்ன வயதில் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி என்று நர்சம்மா வந்து சொன்னபோது, அப்போது உயிரோடிருந்த மாமியார் திட்டத் திட்ட ராசாத்தியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "பொன்னனையும் தூக்கீட்டு வாங்கக்கா" என்று உண்ணாமலையையும் கூப்பிட்டாள். உண்ணாமலை ஒருமுறை வந்தாள். அன்றைக்குப் பொன்னனுக்குக் காய்ச்சல் அடித்துத் தொடை வீங்கியது. சின்னண்ணன் சத்தம் போட்டான். அதோடு சரி. அடுத்த முறை கண்ணாத்தாள் கூப்பிட்டும் வரவில்லை.

இப்போது பிறந்த பையனுக்கு, அந்நாள் வழக்கப்படி, மூன்று மாதம் ஆனால்தான் ஊசி என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள்ளேதான் இருமல் தோட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் என்ன, ராசாத்திக்குத்தான் ஊசி போட்டாயிற்று, பொன்னனைக் கிட்டே சேர்க்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். ராசாத்திக்கு இடையில் லேசாக ஒரு இருமல் வந்தது. ஓடிக்கொண்டும் தின்றுகொண்டும்தான் இருந்தாள். சளி என்று கண்ணாத்தாள் விட்டுவிட்டாள். தூளியை ஆட்டுவதும், தம்பியின் கன்னத்தில் முகம் வைத்துக் கொஞ்சுவதும் அந்தப் பெண்தான்.

சேலைத்துணியை உதறிப் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு கிளம்பும்போது ராசாத்தி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் இரண்டு முறை இருமினாள். கண்ணாத்தாளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

"கிட்ட வராத! நீதாண்டி இவனுக்குக் கொண்டாந்து உட்ட!"

ராசாத்தி நின்ற இடத்திலேயே நின்றாள். உண்ணாமலை பொன்னனோடு கிடந்தாள்; வீட்டில் விட்டுவிட்டுப் போக வேறு ஆளில்லை. மணியன்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை. மெயின் ரோட்டில் சேலத்துப் பக்கம் போன ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தினார்கள். டிரைவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். வழியில் மறுபடியும் பிள்ளைக்கு மூச்சு நின்றது. எஞ்சின் இரைச்சலில் அழுகிறானா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணாத்தாள் காதை அவன் மூக்கில் வைத்துப் பார்த்தாள். உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள். மூச்சு வந்தது. "வந்துருச்சுங்களா அம்மா?" என்று டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "வந்துருச்சுங்க" என்றாள். அவர் இன்னும் வேகமாக அழுத்தினார். ராசாத்தி அப்பன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையை வாங்கி மூக்கில் குழாய் வைத்தார். தொண்டையிலிருந்து சளியை உறிஞ்சி எடுத்தார்கள். கயிறு கயிறாக வந்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவும் எங்கே இருந்தது என்று கண்ணாத்தாள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுல யாருக்காவது இருமல் இருக்குதாம்மா?"

"மூத்தாரு பையனுக்குங்க. அவனைக் கிட்டயே சேத்தலீங்க. இவளுக்கு லேசாத்தானுங்க. மூணு ஊசியும் போட்டுருக்குதுங்க இவளுக்கு."

டாக்டரம்மா ராசாத்தியின் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். "இதுவும் கக்குவான்தான்" என்றார்.

மணியனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஊசி போட்டும் வருமுன்னா அப்பறம் எதுக்குங்க அந்த ஊசி? இவ எத்தனை பேச்சு வாங்கீட்டுப் போயிப் போட்டா தெரியுங்களா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும் அங்கேயே நின்று பேசினார். "ஊசி போட்டா யாருக்குமே வராதுன்னு நான் சொல்ல மாட்டேங்க. ஒவ்வொருத்தருக்கு வரத்தான் செய்யும். வந்தாலும் இப்படி நின்னுட்டு இருப்பாங்க. இவ நிக்கறா பாருங்க. ஆனா அவகிட்டயிருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாதுன்னு இல்ல. இந்த வயசுப் பிள்ளைக்கு ஒட்டினா இருமக்கூட வராது, மூச்சே நின்னுடும்; தாங்காது." பிள்ளையின் பாதத்தைத் தொட்டுக் காட்டி, "முடிஞ்சதைப் பாக்கறோம். ராப்பகலா யாராவது கால்ல கை வெச்சுட்டே இருக்கணும். நின்னா உடனே சுண்டி விடுங்க" என்றார்.

கண்ணாத்தாள் கட்டிலோரத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு கையில் பிள்ளையின் பாதம். அது அவள் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. ஊசி என்றால் வீட்டைச் சுற்றி எழுப்பிய மதில் என்று நினைத்திருந்தாள். அது அந்தப் பெண் ஒருத்தியின் உடம்புக்கு மட்டும் கட்டிய முள் படல் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவனை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்காவது போயிருப்பாளே. போயிருப்பாளா? கடலைக்குத் தண்ணீர் கட்டுகிற நேரத்தில் விட்டிருப்பார்களா? யோசிக்க யோசிக்க ஒரு இடத்திலும் நிற்க முடியவில்லை. பாதத்தின் சூடு குறைகிறதா என்று பார்ப்பதே வேலையாக இருந்தது. மூச்சு அடிக்கடி நின்றது. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று தோன்றியது. கண்ணை மூடினால் போய்விடுவான் என்று இமைகளைக் கையால் தேய்த்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் சின்னண்ணன் பொன்னனைத் தோளில் போட்டுக்கொண்டு அதே வார்டுக்குள் வந்தான். பின்னால் உண்ணாமலை, செருப்பில்லாமல். பொன்னனுக்கு இருமலோடு ஜன்னி கண்டிருந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டு கட்டில் தள்ளிப் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். சின்னண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

வெயில் ஏறிய பிறகு பொன்னன் மயக்கமாகத் தூங்கினான். உண்ணாமலை எழுந்து வந்து கண்ணாத்தாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். படியேறக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வராண்டாவில் மணியனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராசாத்தியையே உண்ணாமலை வெகுநேரம் பார்த்தாள்.

"அவளுக்கும் இதேதானா?"

"இதேதானுங்கக்கா."

உண்ணாமலை தன் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "காய்ச்சல் அடிச்சுப் போச்சுன்னு நான் உட்டுட்டேன். நீ மறுக்கா வந்து கூப்பிட்டே. என்ற கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாமில்ல கண்ணாத்தா?"

மூன்று ஊசி போட்ட வீட்டுப் பிள்ளையின் பாதம் கண்ணாத்தாளின் கையில் நீலமாகிக்கொண்டிருந்தது. சுண்டினாள். மூச்சு வந்தது.

மணியன் வார்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரத் தயங்கினான். "ராசாத்தி நேத்திருந்து ஒரு வாய் திங்க மாட்டீங்கறா. இருமறதும் இல்ல. இருமலே நின்னுபோச்சா என்னன்னு தெரியல. நீ வந்து ஒருக்காப் பாரு."

"போ" என்றாள் உண்ணாமலை. பிள்ளையின் பாதத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். "நான் புடிச்சுக்கறேன். போயிட்டு வா."

வராண்டாத் தூணுக்குப் பின்னால் ராசாத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாவாடை நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. தோள் இரண்டும் குலுங்கின, ஆனால் சத்தம் இல்லை. கண்ணிலிருந்து நீர் மட்டும் தாடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

கண்ணாத்தாள் அப்படியே மண்டியிட்டாள். துணியை இழுத்தாள். பல் விடவில்லை.

"இருமு சாமி. இருமீரு."

ராசாத்தி மறுத்துத் தலையை ஆட்டினாள். கையை நீட்டி வார்டைக் காட்டினாள்.

"அம்மா மேல இருமு கண்ணு. அம்மாளுக்கு ஒண்ணும் ஆகாது."

துணி வாயிலிருந்து வெளியே வந்தது. அவளை இழுத்துத் தன் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டாள். இருமல் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, அடக்கி வைத்ததெல்லாம் சூடாக அவள் கழுத்தில் பட்டது. அந்தச் சின்ன முதுகைத் தடவியபடியே கண்ணாத்தாள் திரும்பி வாசல் வழியாக உள்ளே பார்த்தாள். இருமல் சத்தத்தில் பிள்ளையின் மூச்சோ அழுகையோ காதில் விழவில்லை. கட்டிலின்மேல் குனிந்த உண்ணாமலையின் முதுகு தெரிந்தது. அவள் கை உயர்ந்து அந்தப் பாதத்தைச் சுண்டியது. மறுபடி சுண்டியது. மறுபடியும் உயர்ந்தது.