பிறக்கும்போதே காலாவதி

அந்த ஆஸ்பத்திரிக்கு லாகின் புரோகிராம் எழுதித் தரும் வேலை எனக்குக் கிடைத்தது என் திறமையால் இல்லை. அங்கே ரத்தப் பரிசோதனை லேபைக் கட்டி மேய்க்கும் என் மனைவி, "என் வீட்டுக்காரர் நல்லா பண்ணுவார் டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொன்னதால். வீட்டில் ஒரு பல்பு மாற்ற என்னை மாதக்கணக்கில் நச்சரிக்கும் அதே வாய்.

ஏற்பாடு எளிது. ஊழியர் பாஸ்வேர்டு போட்டால் என் சர்வர் ஒரு டோக்கன் தரும். அதில் ஆள் யார், எத்தனை மணி வரை செல்லும் என்ற விவரம். கூடவே போலியாகப் போட முடியாத ஒரு முத்திரை. மருந்தகம், வார்டு, லேப் மூன்றும் தனித்தனி கம்ப்யூட்டரில் ஓடும் தனித்தனி சர்வீஸ்கள். அவை எதற்கெடுத்தாலும் என் சர்வரை வந்து கேட்காது. முத்திரை சரியா, நேரம் மிச்சமிருக்கிறதா என்று தத்தம் மணியை வைத்துத் தாமே பார்த்து உள்ளே விடும். ஒரு டோக்கனின் ஆயுள் பதினைந்து நிமிடம். தீர்ந்தால் தானாகப் புதிது வரும்.

முதல் நாள் மருந்தகம் உள்ளே விட்டது. வார்டு விட்டது. லேப் மட்டும் 'டோக்கன் காலாவதி' என்று எல்லாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. பெரிய டாக்டரையே தள்ளியது.

அவர் என்னிடம் கத்தவில்லை. என் மனைவியிடம்தான் சொன்னார். "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா பழையபடியே போயிடலாம்மா. நீ சொன்னியேன்னுதான்..."

அந்த இழுவைதான் சுட்டது. என் மானம் ஏற்கெனவே ஒட்டுப்போட்ட சட்டை. அவளுடையது அப்படியில்லை.

மதியம் முழுக்க லேப் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முத்திரையைக் குடைந்தேன். குறையே இல்லை.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டு சாப்பிடறேன்."

"அப்ப இன்னிக்குப் பட்டினிதான்."

சிரித்தபடி திரையின் மூலையில் மணி பார்த்தேன். பிறகு என் போனைப் பார்த்தேன்.

"ஏம்மா, இதுல மணி ஏன் இருபது நிமிஷம் முன்னால ஓடுது?"

அவள் முகம் சுருங்கியது. "நான்தாங்க தள்ளி வெச்சேன். இந்தப் பொண்ணுங்க ரிப்போர்ட்டை லேட்டாவே முடிக்கறாங்க. கொஞ்சம் பயம் இருக்கட்டுமேன்னு..."

பதினைந்து நிமிடம் வாழவேண்டிய டோக்கன், லேப் வாசலுக்கு வரும்போதே செத்துப்போயிருந்தது. மணியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியையும் அணைத்திருந்தாள். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள்.

மணியைத் திருத்தினேன். டாக்டர் வந்து பாஸ்வேர்டு போட்டார். லேப் கதவு திறந்தது.

"என்னப்பா கோளாறு?"

"என் தப்புதான் டாக்டர். எல்லா கம்ப்யூட்டர்லயும் மணி ஒண்ணா ஓடுதான்னு முதல்லயே பார்த்திருக்கணும்."

"இல்ல டாக்டர், மணியைத் தள்ளி வெச்சது நான்" என்றாள் அவள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுக்குப் போய் யார் தப்புன்னு சண்டை போடுங்க. எனக்கு ரிப்போர்ட் தெரியுது. இதுவே இருக்கட்டும்மா."

வீட்டுக்கு வந்ததும் அவள் நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றப் போனாள். அதுவும் எனக்காக அவள் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தது.

"விடும்மா. எனக்குத் தெரியாதா? அந்தப் பத்து நிமிஷத்தைக் கழிச்சுத்தான் எப்பவும் மணி பார்க்கறேன்."

"நீங்க கழிக்கறது தெரிஞ்சுதானே போன மாசம் இன்னும் அஞ்சு நிமிஷம் கூட்டினேன்?"

சமீபமாக நான் பஸ்ஸைத் தவறவிடாமல் பிடிப்பதும் என் திறமையால் இல்லை. நாற்காலியை விட்டு இறங்க அவளுக்குக் கை கொடுத்தேன். கடிகாரம் அப்படியே இருக்கிறது.